வெளிநாட்டில் பிள்ளைக்குப் பள்ளி: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், வீட்டு வாடகை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். பிள்ளையின் பள்ளி மட்டும் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. "அங்கே போய்ப் பார்த்துக்கலாம், நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க" என்பதுதான் வழக்கமான பதில். நான் பள்ளியில் வேலை பார்ப்பவள். டிசி வாங்க வரும்போது இந்தக் குடும்பங்களோடு பேசுகிறேன். சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, மறுபடி சீட் கேட்டு நிற்கும்போதும் பேசுகிறேன். சிக்கல் பெரும்பாலும் வெளியே தலைகாட்டுவது இந்த இரண்டாவது சந்திப்பில்தான். அதனால் நான் சொல்லும் முறை இதுதான்: கிளம்பும் நாளிலிருந்து கணக்குப் போடாதீர்கள். பிள்ளை பெரிய பரீட்சை எழுதும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

முதலில் வருடங்களை எழுதுங்கள்

ஒரு தாளில் பிள்ளை இப்போது படிக்கும் வகுப்பை எழுதுங்கள். அதற்குக் கீழே வருடம் வருடமாக 12-ஆம் வகுப்பு வரை எழுதுங்கள். எந்த வருடம் போகிறீர்கள், வேலை ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதை அதில் குறியுங்கள். ஒப்பந்தம் நீளலாம், சுருங்கலாம், அது வேறு விஷயம். இப்போது தெரிந்ததை வைத்துக் குறித்தால் போதும்.

இனி 9, 10 இரண்டையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். 11, 12 இரண்டையும் இன்னொரு கட்டத்துக்குள். இந்தக் கட்டங்களின் நடுவில் உங்கள் பயணமோ திரும்பி வருவதோ விழுகிறதா என்று பாருங்கள். விழக்கூடாது. காரணம் எளிது. சிபிஎஸ்இ 9-10 வகுப்புகளையும் 11-12 வகுப்புகளையும் இரண்டிரண்டு ஆண்டுப் படிப்பாகவே வைத்திருக்கிறது. 10-லும் 12-லும் புதிதாகச் சேர்ப்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு அளவிலான ஐஜிசிஎஸ்இ படிப்பும் பொதுவாக இரண்டு ஆண்டு. ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்பு அளவிலான டிப்ளமா கண்டிப்பாக இரண்டு ஆண்டு. நடுவில் நுழைகிற பிள்ளைக்கு முதல் ஆண்டுப் பாடமும் செய்முறை மதிப்பெண்களும் விட்டுப்போகும். அதை ஈடுகட்ட ட்யூஷனால் முடியாது.

என் கருத்தைக் கேட்டால், பிள்ளை 8-ஆம் வகுப்பு அல்லது அதற்குக் கீழே என்றால் தயங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள் (அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் மட்டும், கீழே சொல்லும் ஒதுக்கீட்டையும் பார்த்துவிட்டு). 9 முடித்துவிட்டது என்றால் 10-ஐ இங்கேயே முடிக்கட்டும். அப்பா முன்னால் போகட்டும், அம்மாவும் பிள்ளையும் ஒரு வருடம் கழித்துப் போகட்டும். அந்த ஒரு வருடப் பிரிவு கஷ்டம்தான். ஆனால் 10-ஆம் வகுப்பின் பாதியில் மொழியும் பாடத்திட்டமும் நண்பர்களும் ஒரே நாளில் மாறுவதை 15 வயதுப் பிள்ளை சுமப்பது அதைவிடக் கஷ்டம்.

சர்வதேசப் பள்ளி உங்களுக்குத் தேவைதானா?

வெளிநாடு என்றாலே சர்வதேசப் பள்ளி என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பல நாடுகளில் அது தேவையே இல்லை.

இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து போகும் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம். கனடாவிலும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கெல்லாம் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் பள்ளியைத் தீர்மானிக்கும். ஆகவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் போன்ற சில மாநிலங்கள் தற்காலிக விசாக் குடும்பங்களிடம் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் வாங்குகின்றன. இதைச் சம்பளம் பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அரசுப் பள்ளிக் கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் பரீட்சை எழுதித்தான் உள்ளே போக முடியும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு தொடக்கப்பள்ளி 2 முதல் 5 வரைக்கும், உயர்நிலை 1 முதல் 3 வரைக்கும் நடக்கிறது. ஆங்கிலமும் கணக்கும் மட்டும்தான். தேர்ச்சி பெற்றாலும் இடம் காலியாக இருந்தால்தான் சீட். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தாய்மொழிப் பாடமாகவும் படிக்கலாம். நம் பிள்ளைக்கு இது பெரிய கொடை. ஆங்கிலம் ஓரளவு வரும் பிள்ளை என்றால் இந்தத் தேர்வுக்கு ஒருமுறை முயற்சி செய்து பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் தனியார் பள்ளிக்குப் போகலாம் என்பேன்.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. நம் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிதான் வழி. அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏராளம். சவூதியில் தூதரக ஆதரவில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் ரியாத், ஜித்தா, தம்மாமில் இருக்கின்றன. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950-இல் தொடங்கியது. மஸ்கட் இந்தியப் பள்ளி 1975-இல். மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிற குடும்பத்துக்கு, என் பார்வையில், இந்தப் பள்ளிகளே முதல் தேர்வு. செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் படித்த பிள்ளை பெரும்பாலும் தமிழ்நாடு சமச்சீர் பாடத்திட்டத்தில் படித்திருக்கும். புதுச்சேரியிலோ அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின, தனியார் பள்ளிகள் பல இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆகவே முத்தியால்பேட்டை அரசுப் பள்ளியிலிருந்து போகிற பிள்ளை துபாய் சிபிஎஸ்இ பள்ளிக்கு நேராகப் பொருந்தலாம், பக்கத்துத் தெருத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு கணக்கிலும் அறிவியலிலும் வரிசை மாறலாம். உங்கள் பிள்ளையின் புத்தகத்தைத் திருப்பி எந்தப் பாடத்திட்டம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சமச்சீரிலிருந்து சிபிஎஸ்இக்குப் போகிற பிள்ளைக்கு சிபிஎஸ்இக்கான என்சிஇஆர்டி கணக்கு, அறிவியல் புத்தகங்களை இரண்டு மாதம் முன்பே கையில் கொடுங்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு கணக்குச் சொற்களை ஆங்கிலத்தில் பழக்குங்கள். பின்னத்தையும் சதவீதத்தையும் அது நன்றாகவே போடும். கேள்வி புரியாமல்தான் தவறவிடும்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்பு அளவில் ஐஜிசிஎஸ்இ, அதற்கு மேல் ஏ லெவல். பாடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், பரீட்சை உலகெங்கும் ஒரே மாதிரி. ஐபி 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், நடுவகுப்புகளுக்கு ஒன்று, கடைசி இரண்டு ஆண்டுக்கு டிப்ளமா என்று மூன்று அடுக்கு. டிப்ளமாவில் 6 பாடங்கள், ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற பாடம் எல்லாம் சேர்ந்து மொத்தம் 45 மதிப்பெண். சமூகப் பணிக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் அதையும் முடித்தாக வேண்டும். நிறைய எழுதவும் தானாகத் தேடவும் பிடிக்கும் பிள்ளை ஐபியில் செழிக்கும். மனப்பாடத்தில் மட்டும் மதிப்பெண் எடுத்துப் பழகிய பிள்ளை முதல் வருடம் திணறும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அடிக்கடி மாற்றலாகும் வேலை என்றால் ஐபியோ கேம்பிரிட்ஜோ சரி.

நீட் எழுதி மருத்துவம் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபி டிப்ளமாவின் வழக்கமான பாட அமைப்பில் மூன்று அறிவியல் பாடங்களையும் ஒன்றாக எடுக்க இடமில்லை, பள்ளி தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். 11-ஆம் வகுப்பில் சேர்க்கும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஐபி டிப்ளமாவும் ஏ லெவலும் நம் 12-ஆம் வகுப்புக்குச் சமம் என்பதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் சான்று தருகிறது. அதற்கு எந்தெந்தப் பாடங்கள், எத்தனை பாடங்கள் என்ற நிபந்தனைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரியில் இன்னொரு வகைக் குடும்பங்கள் இருக்கின்றன. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தாத்தா பாட்டியின் வழியில் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். 1826 முதல் இயங்கும் புதுச்சேரி லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பிரெஞ்சு அரசின் வெளிநாட்டுப் பள்ளி வலைப்பின்னலில் அது ஒரு பள்ளி. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பல ஊர்களில் அதே பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு, வகுப்பு நழுவாமல் மாறலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. அந்தந்த நாட்டுப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேளுங்கள். பிரான்சுக்கே போனால் 3 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். தொடக்கப் பள்ளிக்குப் பெயர் பதிய நேராக மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிரெஞ்சு தெரியாத பிள்ளை என்றால் புதிதாக வந்தவர்களுக்கான தனி மொழி வகுப்பு இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். அப்பாவுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளை இதுவரை ஆங்கில வழியில் படித்தது என்ற குடும்பங்கள் நம் ஊரில் அதிகம். அந்தப் பிள்ளையை மொழி தெரியாமல் அனுப்பாதீர்கள். ஊரில் இருக்கும்போதே அலியான்ஸ் பிரான்சேஸ் மையத்தின் பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் பாதையில் எதை இழக்கிறோம்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை, நான் மிகவும் வருத்தப்படுவதும் இதற்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. மறு ஆண்டே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. புதுச்சேரியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு 2023-இல் வந்தது. நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையை 8-ஆம் வகுப்பில் இரண்டு வருடத்துக்கு வெளியே கூட்டிப்போனால் அந்த வாய்ப்பு போய்விடும். அந்த இரண்டு வருடச் சம்பளம் இதைவிடப் பெரியதா என்பதை ஒவ்வொரு வீடும்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்து முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வெளியே படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கவுன்சலிங் நேரத்தில் பிறப்பிடச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று எல்லாம் கேட்பார்கள். புதுச்சேரியில் சென்டாக் என்ற சேர்க்கைக் குழுவின் கவுன்சலிங், தமிழ்நாட்டில் அந்தந்தத் துறையின் கவுன்சலிங். கிளம்புவதற்கு முன்பே இ-சேவை மையத்திலோ தாலுகா அலுவலகத்திலோ வாங்க முடிந்த சான்றுகளை வாங்கி வைத்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயரும் வீட்டு முகவரியும் சரியாக இருக்கட்டும்.

அப்புறம் தமிழ். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மூன்று வருடம் தமிழ் எழுதாமல் இருந்த பிள்ளை 8-ஆம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் செய்யுள் பகுதியில் கண் கலங்கும். வளைகுடா சிபிஎஸ்இ பள்ளிகளில் சிலவற்றில் தமிழ் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக உண்டு. ஆகவே பள்ளியிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் இருக்கட்டும். இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடங்களும் சான்றிதழ் தேர்வுகளும் நடத்துகிறது.

பள்ளியைச் சோதித்துப் பாருங்கள்

பெயரில் சர்வதேசம் என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலே அந்தச் சொல் போட்ட பலகைகள் எத்தனையோ தெரியும். உள்ளே சிபிஎஸ்இயும் இருக்கலாம், மெட்ரிக்கும் இருக்கலாம். வெளிநாட்டிலும் இதே கதைதான். பள்ளி சொல்வதைக் கேட்காதீர்கள், அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். ஐபி, கேம்பிரிட்ஜ், சிபிஎஸ்இ மூன்றும் தங்கள் இணையதளத்தில் பள்ளிகளின் பட்டியலை வைத்திருக்கின்றன. ஐபியில் முழு அங்கீகாரம் பெற்ற பள்ளி வேறு, அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளி வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டிப்ளமாவுக்குப் பிள்ளையைச் சேர்க்கிறீர்கள் என்றால் காத்திருக்கும் பள்ளி வேண்டாம்.

துபாய் என்றால் வேலை சுலபம். கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பு பள்ளிகளை ஆய்வு செய்து மிகச் சிறப்பு முதல் மிக மோசம் வரை ஆறு படியில் தரம் கொடுத்திருக்கிறது, அறிக்கையைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. கட்டண விவரமும் அங்கேயே கிடைக்கும். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அறிக்கை எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். கணக்கு, ஆங்கிலம், அறிவியலுக்கு வகுப்புவாரியாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒட்டுமொத்தத் தரம் சுமாராக இருந்தும் சின்ன வகுப்புகள் நன்றாக நடக்கும் பள்ளிகள் உண்டு, உங்களுக்குத் தேவை அதுவாகவே இருக்கலாம். துபாய்ப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் அரபி படித்தாக வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அபுதாபிக்கு ஆய்வு அமைப்பு வேறு, அதன் பெயர் அடெக். சிங்கப்பூரில் தனியார் பள்ளி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எட்யூடிரஸ்ட் என்ற தரச் சான்று வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கைகள் இருக்கின்றன.

அறிக்கையில் வராத விஷயங்களைப் போனில் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடம் இருக்கிறார்கள்? ஆங்கிலம் தயங்கிப் பேசும் பிள்ளைக்குத் தனி வகுப்பு உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? பள்ளி காலை ஷிப்டா, மாலை ஷிப்டா? வளைகுடாவில் இடநெருக்கடியால் இரண்டு ஷிப்டாக நடக்கும் இந்தியப் பள்ளிகள் உண்டு. சின்னப் பிள்ளை மாலை ஷிப்டில் போய் இரவு வீடு திரும்புவதை உங்கள் வீட்டு நடைமுறை தாங்குமா என்று யோசியுங்கள். ஆசிரியர் மாற்றத்தைப் பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பள்ளியை நான் நம்புவேன். ஆசிரியர்கள் நிலைத்து நிற்கிற பள்ளியில் பிள்ளையும் நிலைத்து நிற்கும்.

பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், காது அல்லது கண் பிரச்சினை எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்தால் மூன்றாவது மாதம் பள்ளியே கூப்பிட்டு அனுப்பும். முன்பே சொன்னால் எந்தப் பள்ளியால் கவனிக்க முடியும் என்று தெரிந்துவிடும். ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ பார்த்திருந்தால் ஆங்கிலத்தில் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பும் நாள்காட்டியும்

இங்கிலாந்துப் பாடத்திட்டப் பள்ளியில் எண் ஒன்று கூடும். நம் 5-ஆம் வகுப்பு அங்கே இயர் 6. இது தெரியாமல் "5 முடிச்சாச்சு, இயர் 6-ல சேர்த்துடுங்க" என்று கேட்டால் பிள்ளை படித்ததையே மறுபடி படிக்கும். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் கிரேடு எண் நம் வகுப்பு எண்ணோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். எல்லா இடத்திலும் வயதுக் கணக்குக்கு ஒரு தேதி இருக்கும். நாட்டுக்கு நாடு அது மாறும், பள்ளிக்குப் பள்ளியும் மாறும். பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்லி எந்த வகுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நமக்கு ஜூன் மாதம் பள்ளி திறக்கும். வளைகுடா இந்தியப் பள்ளிகளுக்கு ஏப்ரல். சிங்கப்பூர் அரசுப் பள்ளிக்கு ஜனவரி. ஐரோப்பாவுக்கும் பெரும்பாலான ஐபி பள்ளிகளுக்கும் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். ஏப்ரலில் வளைகுடாவில் சேர வேண்டிய பிள்ளைக்கு, அந்தப் பாடத்திட்டத்தில் அப்போதுதான் ஆண்டுத் தேர்வு நடக்கும். அரையாண்டு மதிப்பெண் பட்டியலையும் போனஃபைடு சான்றையும் வைத்து முன்பே சீட் வாங்கிவிட்டு, தேர்வு முடிந்ததும் டிசியைக் கொடுக்கலாமா என்று அந்தப் பள்ளியிடம் கேளுங்கள். பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன. நல்ல பெயருள்ள பள்ளிகளில் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே அட்மிஷன் தொடங்கிவிடும் என்பதால் தீபாவளி முடிந்ததும் விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

காகிதங்கள்

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பெயர். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரோடு என்று நம் வீடுகளில் மூன்று விதமாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒன்றே. வெளிநாட்டுப் பள்ளியின் அலுவலகத்துக்கு மூன்றும் மூன்று பிள்ளைகள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பள்ளிப் பதிவேட்டிலும் டிசியிலும் பெயர் வரும்படி, கிளம்புவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே சேர்க்காமல் விட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். அம்மா, அப்பா பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் எல்லைப்புற வாழ்க்கையில் இன்னொரு சிக்கல். வீடு கடலூரில், பிரசவம் புதுச்சேரி மருத்துவமனையில். பிறப்புச் சான்று புதுச்சேரி அரசுடையது, டிசி தமிழ்நாட்டுப் பள்ளியுடையது. காகிதம் உண்மையானது என்ற சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) வாங்கும்போது ஒவ்வொரு காகிதத்துக்கும் அதைக் கொடுத்த அரசின் ஒப்புதல்தான் முதல் படி. ஆகவே ஒரே பிள்ளைக்கு இரண்டு அரசு அலுவலகங்களுக்கு அலைய வேண்டிவரும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். மாநில ஒப்புதலுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதல். ஒரு நாட்டுக் காகிதத்தை ஒரே முத்திரையோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. பிரான்ஸ், ஓமன், பஹ்ரைன், சவூதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு அந்த அப்போஸ்டில் முத்திரையோடு வேலை முடியும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்கு அது போதாது, அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். டிசிக்கு அதற்கு முன்பாகவே கல்வி மாவட்ட அலுவலரின் மேலொப்பம் தேவைப்படும். ஏஜென்ட் மூலமாகச் செய்வதாக இருந்தால் அசல் காகிதத்தைக் கொடுக்குமுன் இருபக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள், ரசீது வாங்குங்கள்.

அரவிந்தர் ஆசிரமப் பள்ளியிலோ ஆரோவில் பள்ளியிலோ படித்த பிள்ளைக்கு வழக்கமான மதிப்பெண் பட்டியல் இருக்காது. என்னென்ன பாடம், எந்த நிலை வரை படித்தது என்று ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதமும், பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பும் எடுத்துப் போங்கள். ஐபி பள்ளிகள் இப்படிப்பட்ட தொகுப்பை அக்கறையோடு பார்க்கும்.

தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம். நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து எம்ஆர் ஊசி போடுகிறார்கள். பல நாட்டுப் பள்ளிகள் பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் கேட்கின்றன, சில இடங்களில் சின்னம்மை ஊசியும். குழந்தை மருத்துவரிடம் காட்டி விட்டுப்போனதைப் போட்டுவிட்டு, தேதிகளோடு ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.

பணம்

துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுக்கு 10,000 திர்ஹாமுக்குக் கீழும் கட்டணம் உண்டு. ஐபி, பிரிட்டிஷ் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் 1,00,000 திர்ஹாமைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு விரிந்த இடைவெளி இருப்பதால் சராசரி என்று யாராவது சொன்னால் அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். டியூஷன் ஃபீஸுக்கு மேல் விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், பஸ், சீருடை, புத்தகம், பொதுத்தேர்வுக் கட்டணம் ஆகியவை சேரும். கம்பெனி கல்விப்படி கொடுக்கிறது என்றால் எத்தனை பிள்ளைக்கு, எந்த வகுப்பு வரை, பஸ்ஸுக்கும் உண்டா, வேலை நடுவில் போனால் கட்டிய பணம் யாருடையது என்று ஆஃபர் லெட்டரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக விசா கிடைக்குமா என்பதே சம்பளத்தைப் பொறுத்தது. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர் பிள்ளையைக் கூட்டிப்போக மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும்.

சேர்ந்த பிறகு

தனியார் பள்ளி என்றாலும் வீட்டைப் பள்ளிக்குப் பிறகு பாருங்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரத்தில் பள்ளிக்குப் போய்ப் பழகிய பிள்ளை, ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய் ஒரு மணி நேரம் திரும்பி வந்தால் படிக்கவும் விளையாடவும் தெம்பு இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு ஏற்றும், எத்தனை மணிக்கு இறக்கும் என்று பள்ளியிடமே கேட்டு, அதை வைத்து வாடகை ஒப்பந்தம் போடுங்கள்.

முதல் மாதங்களில் மதிப்பெண் குறையும். அதற்காகத் திட்டாதீர்கள், உடனே ட்யூஷனும் வைக்காதீர்கள். பிள்ளை மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிடுகிறது என்று கேளுங்கள். ஒரு பெயராவது சொன்னால் நல்லது. ஒரு பருவம் முடிந்தும் தனியாகவே சாப்பிடுகிறது, காலையில் வயிற்று வலி என்கிறது என்றால் வகுப்பாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். பள்ளி மாற்றுவதாக இருந்தால் வருடக் கடைசியில் மாற்றுங்கள், ஆனால் அந்த முடிவை பிள்ளையோடு உட்கார்ந்து பேசி எடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியலின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்புவது உறுதியானதும், விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே, அங்கிருக்கும் பள்ளியில் டிசிக்கு எழுதிக் கொடுத்து, அந்த நாட்டுக் கல்வித்துறையின் சான்றொப்பமும் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதை வாங்க நினைத்தால் யாராவது அங்கே உங்களுக்காக அலைய வேண்டியிருக்கும், ஜூன் மாதம் அதற்காகக் காத்திருக்காது.